ஐம்பது பேருக்கு ஒருத்தி

பதிவேடு எழுதுவதில் எனக்கு இருந்த கெட்டிக்காரத்தனம் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் கிடையாது. இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். பாடம் வரலாறு. கூடவே பதினான்கு வருடம் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்தேன். மரம் நடுவதோ, ஆற்றுப் படித்துறையில் கிடக்கிற பழந்துணியைப் பொறுக்குவதோ, எதுவாக இருந்தாலும் தேதி, நேரம், பங்கேற்றவர்கள், பயனாளிகள் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, தலைப்பைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டு வைத்துவிடுவேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் டீச்சர் என்றார். அந்த ஒரு பேச்சை வைத்து ஒரு வருடம் ஓட்டினேன்.

எங்களுடையது பெண்கள் மேல்நிலைப்பள்ளி. திருநெல்வேலியிலிருந்து ஆழ்வார்திருநகரிக்குப் போகிற பேருந்து நிற்கிற ஊர்களில் ஒன்று. எந்த ஊர் என்று சொல்லாமலே விடுகிறேன். பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வழியாக நடந்தால் பத்து நிமிடத்தில் தாமிரபரணி. இந்த மே மாதத்தோடு எனக்கு ஓய்வு வந்துவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு நினைப்பதற்கு எத்தனையோ இருக்க, திரும்பத் திரும்ப ஒரு பிள்ளைதான் வருகிறாள்.

அவளுக்குப் பார்வை கிடையாது. பிறவியிலேயே இல்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் விடுதியில் தங்கி பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். நல்ல மார்க். வாப்பா துபாயில். அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. உம்மா தனியாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மகள் கூட இருந்தால் தேவலை என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும், யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அப்போதுதான் கூட்டம் போட்டு எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வந்திருந்த எங்கள் தலைமை ஆசிரியைக்கு, நிஜமாகவே ஒரு பிள்ளை வந்து நின்றதும் முகம் செத்துப்போனது.

"நம்மகிட்ட பிரெய்ல் புக்கும் கிடையாது, அத வாசிக்க ஆளும் கிடையாது. எப்படி டீச்சர் சமாளிக்கது?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் பாத்துக்கிடுதேன் மேடம். எங்கிட்ட அம்பது பிள்ளைய இருக்கு" என்றேன்.

ஐம்பது என்பது எங்கள் என்.எஸ்.எஸ். அலகின் எண்ணிக்கை. ஒவ்வொரு பிள்ளையும் வருடத்தில் இத்தனை மணி நேரம் சேவை செய்ததாகக் காட்ட வேண்டும். அதற்கு வேலை தேடுவதுதான் எனக்குப் பெரும்பாடு. கோயில் வாசலையும் படித்துறையையும் எத்தனை தடவைதான் கூட்டுவது? இந்தப் பிள்ளை வந்ததும் எனக்கு வழி பிறந்த மாதிரி இருந்தது. அன்று மாலையே உட்கார்ந்து பட்டியல் போட்டுவிட்டேன். மதிய இடைவேளையில் ஒருத்தி அரை மணி நேரம், மாலை மணி அடித்ததும் இன்னொருத்தி அரை மணி நேரம் அவளுக்குப் பாடம் வாசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பேர். வாசித்தவளுடைய நாட்குறிப்பில் தேதி, பாடம், நேரம் எழுதி, கடைசிக் கட்டத்தில் பயனாளி கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம் என் சொந்த மூளை. அவளுக்குத் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியும். வாசித்தவள் அவள் விரலைப் பிடித்துக் கட்டத்தில் வைத்தால் அவள் கையெழுத்துப் போடுவாள்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பிளஸ் ஒன்னுக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பிள்ளைகள் வரும். வந்த முதல் நாளே எந்த ஊரு, எந்தத் தெரு என்று ஒன்றையொன்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பெஞ்சு பிடிக்கும். நாங்கள் உயர வரிசைப்படி மாற்றி உட்கார வைப்போம். மதியச் சாப்பாடு முடிந்து திரும்பினால் எல்லாம் பழையபடி தெருவாரியாக உட்கார்ந்திருக்கும். இதைத் தெரிந்தும் தெரியாதது போல இருக்கப் பழகிய ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. சைவக் குடும்பம், வீடு நிறைய வாத்தியார்கள், பெருநாள் பிரியாணியை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், எங்களுக்கெல்லாம் பேதம் கிடையாது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

வாசிப்பு எப்படி நடந்தது என்று நான் கவனித்தது குறைவு. நாட்குறிப்புகளைத்தான் கவனித்தேன். ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பாள். ஒருத்தி ஆங்கிலப் பாடத்தை மூச்சு விடாமல் ஓட்டிவிட்டுக் கையெழுத்துக்கு நோட்டை நீட்டுவாள். முந்தைய நாள் எந்தப் பாடத்தில் நின்றது என்று கேட்கிற பழக்கம் ஒருத்திக்கும் இல்லை. முதல் பாடத்தை மட்டும் அவள் ஏழு பேர் வாயால் ஏழு தடவை கேட்டிருக்கிறாள். இதைப் பின்னால் அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒரு மாதம் ஆனதும் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். சுவரைத் தொட்டுக்கொண்டு தானாகவே வந்திருந்தாள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பிள்ளை.

"டீச்சர், தினமும் ஆள் மாத்தாம ஒரே ஆளு வாசிச்சா நல்லாருக்கும்."

"யாரும் ஒழுங்கா வாசிக்கலையா?"

"வாசிக்காவ. ஒருத்தி பேச்சு எனக்குப் பழகுறதுக்குள்ள அவ முறை முடிஞ்சிருது. அடுத்த மாசம் அவ திரும்பி வரும்போது மொதல்லேருந்து பழகணும்."

நான் அவளுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். எல்லாப் பிள்ளைகளும் உன்னோடு பழக வேண்டும், உன்னால் அவர்களுக்கும் ஒரு பக்குவம் வரும், ஒருத்தியிடம் மட்டும் விட்டால் மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விடும் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, சரி டீச்சர் என்று போய்விட்டாள். ஐம்பது பேரோடு பழக விட்டிருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியோடும் பழக விடவில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அந்த ஐம்பது பேரில் ஒருத்தி மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவள். தாத்தா காலத்திலிருந்து மலையில் தேயிலை பறித்த குடும்பம். தோட்டத்து வேலை முடிந்துபோய், எல்லோரையும் போல அவர்களும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே வந்து, எங்கள் ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தார்கள். எங்கள் வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளவேயில்லை. காலை வழிபாட்டில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். பிள்ளைகள் அவளிடமும் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள். அவள் தோட்டத்து லைன் வீட்டின் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலை வைத்து எந்த பெஞ்சில் சேர்ப்பது என்று அவர்களுக்குப் புரியவில்லை. அதனால் யாருமே சேர்க்கவில்லை. எஸ்டேட்டு என்று பெயர் வைத்துக் கடைசி பெஞ்சில் விட்டுவிட்டார்கள்.

அவள் முறை வந்தது. அதன் பிறகு யார் வராமல் போனாலும் அந்த இடத்தில் இவளே போய் உட்கார ஆரம்பித்தாள். வராமல் போகிறவர்களுக்கா பஞ்சம்? ஒருநாள் மதியம் வராந்தாவில் போகும்போது சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது. மாஞ்சோலைப் பிள்ளை ஜன்னல் வழியாகத் தெரிகிறதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்துணவுக்கூட வாசலில் ஆடு ஒன்று தட்டை நக்குவதையும், அதை விரட்ட வந்த பி.டி. டீச்சரின் செருப்பு அறுந்துபோய் அவர் ஒற்றைக் காலில் நிற்பதையும். பார்வையில்லாத பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாசிக்க நேரத்துல என்னளா இளிப்பு? இதுக்கா மணிக்கணக்கு குடுக்கது?" என்றேன்.

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அன்றைக்கு அந்த நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். வருடம் முழுவதற்கும் தேவையான வாசிப்பு நேரத்தை மாஞ்சோலைப் பிள்ளை அதற்குள்ளாகவே தாண்டியிருந்தாள். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, உனக்கு வேண்டியது முடிந்துவிட்டது, இனி நீ போகாதே, மற்ற பிள்ளைகளுக்கு விடு என்றேன்.

"எனக்கு நேரம் போட வேண்டாம் டீச்சர். சும்மா வாசிக்கேன்."

"நீ சும்மா வாசிச்சா மத்தவங்க யாருக்கு வாசிப்பாவ? இருக்கது ஒருத்திதான?"

இதைச் சொன்னது நான்தான். ஐம்பது பேர் சேவை செய்ய வேண்டும், சேவை வாங்கிக்கொள்ள இருப்பது ஒருத்தி. ரேஷன் கடையில் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறேன். அந்தப் பிள்ளை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்போது எனக்கு அடுத்த வேலை இருந்தது.

காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் சிறப்பு முகாம். திசையன்விளைப் பக்கம் செம்மண் காட்டில் ஒரு கிராமம். அங்குள்ள தொடக்கப்பள்ளியில் தங்கி, பகலில் குளக்கரையில் பனை விதை நட்டு, மாலையில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது திட்டம். முகாம் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். வகுப்பறையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பது, தாங்களே கறிகாய் நறுக்குவது, கடைசி நாள் ஆட்டம் பாட்டம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். வாசிக்கப் போகிறவர்கள் அவளிடமும் இதைத்தான் பேசியிருக்க வேண்டும். மறுபடியும் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், முகாமுக்கு நானும் வாரேன்."

"அங்கன வந்து நீ என்ன செய்வே?"

"பனங்கொட்டை ஊனத்தானே போறிய? குழி தோண்டவும் கொட்டையப் போட்டு மூடவும் கை போதும்லா. எங்க வீட்டுல நான் பீடியே சுத்துவேன்."

பார்ப்போம் என்றேன். எனக்கு உள்ளூரப் பயம். புதிய ஊர், கிணறு இருக்கும், பாம்பு இருக்கும், கழிப்பறை எப்படி இருக்குமோ. ஒன்று நடந்தால் பதில் சொல்லப் போகிறவள் நான். அதைவிட, என்.எஸ்.எஸ். உறுப்பினர் பட்டியலில் அவள் பெயரே கிடையாது. பயனாளி என்கிற பத்தியில்தான் மாதா மாதம் இருந்தது. அவளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவளும் முகாமுக்கு வருகிறாளா என்று தலைமை ஆசிரியை கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். "அவங்க வீட்டுல விட மாட்டாவ மேடம். ஏழு நாளு வெளிய தங்கணும். அந்தத் தெருவுல பொம்பளப் பிள்ளைய அப்படியெல்லாம் அனுப்புவாவளா?"

அவருக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி. அவளிடம் போய், உங்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

"உம்மாகிட்ட கேட்டியளா?" என்றாள்.

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துப் பொய்யை என் வாழ்நாளில் சொன்ன மற்ற எல்லாப் பொய்யோடும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் எதுவும் வராது.

முகாமுக்குப் புறப்படுகிற அன்று காலை ஏழு மணிக்கு வேன் வந்து நின்றது. பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். தெரு முனையிலிருந்து அந்த உம்மா வந்தார். ஒரு கையில் மகள், மறு கையில் பை. பைக்குள் சுருட்டிய பாயும் தட்டும் டம்ளரும் தெரிந்தன. பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எழுதிய சம்மதக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நான் விட மாட்டேன்னு யாரு டீச்சர் சொன்னது?" அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆறு வயசுல இவளைப் பாளையங்கோட்டையில கொண்டு விட்டவ நானு. பத்து வருசம் அங்கன கிடந்தா. ஏழு நாளைக்கா விட மாட்டேன்?"

வேன் டிரைவர் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம், ஏறு என்று. வேனில் ஒரு பிள்ளைக்கு இடம் இல்லாமலா போகும்? பெயர்ப்பட்டியல் ஏற்கெனவே ஐம்பது பேருக்குக் கையெழுத்தாகிப் போய்விட்டது, ஆளைக் கூட்டினால் மேலிடத்தில் கேள்வி வரும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் பிளஸ் டூ, முகாம் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா உம்மா. அவங்களுக்கு நேரமாவுது."

பையைத் தானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் வந்த வழியே போனார்கள். மாஞ்சோலைப் பிள்ளை வேனின் பின் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு அவர்கள் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகாம் நன்றாகவே நடந்தது. எல்லா முகாமும் நன்றாகத்தான் நடக்கும், அப்படித்தானே அறிக்கை எழுதுகிறோம். கடப்பாரையால் ஒருத்தி குத்த, இன்னொருத்தி விதையைப் போட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டே போனாள். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் போன்ற வேலை. அந்த எண்ணம் எனக்கு வந்தபோது அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் தலை சுற்றுகிறது என்று பிள்ளைகள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

மாஞ்சோலைப் பிள்ளையைச் சாப்பாட்டு வரிசையில், என்ன முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"அவ வருவான்னு எம் பக்கத்துல ஒரு பாய்க்கு இடம் விட்டு வச்சிருந்தேன் டீச்சர்" என்றாள். "இப்ப அங்கன எல்லாரும் பையத் தூக்கிப் போட்டிருக்காவ."

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மாஞ்சோலைப் பிள்ளையின் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் அவள் அப்பாவுக்கு நிலையாக வேலை அமையவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அப்பா மட்டும் வந்தார். அங்கே போய் எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். மூன்று பேரும் பனியன் கம்பெனிக்குப் போனால்தான் வாடகை கொடுக்க முடியும் டீச்சர் என்றார். என்னுடைய உறுப்பினர் பட்டியலில் ஒரு இடம் காலியானது. காத்திருந்த வேறொரு பிள்ளையை அதில் சேர்த்தேன். பார்வையில்லாத பிள்ளையைச் சேர்க்க அது ஒரு நல்ல சந்தர்ப்பம் என்பது நான்கைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் பட்டியலை அனுப்பியிருந்தேன்.

தை மாதம் பார்வையில்லாத பிள்ளை மூன்றாவது தடவையாக ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"டீச்சர், இனி எனக்கு யாரும் வாசிக்க வேண்டாம்."

போவதற்கு முன் அந்த மாஞ்சோலைப் பிள்ளை ஒவ்வொரு நாள் மாலையும் இவள் வீட்டுக்கு வந்து, எல்லாப் பாடத்தையும் உம்மாவின் போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறாள். அடுத்த வருடப் பாடத்துக்கும் ஏற்பாடு. திருப்பூரில் பழைய புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாளாம். படிப்பை விட்டவள், படிக்கிறவளுக்காகப் புத்தகம் வாங்கியிருக்கிறாள். இதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனம் நேராகப் பட்டியலுக்குத்தான் போனது.

விஷயம் என்னவென்றால், அந்த வாசிப்புத் திட்டம் அதற்குள் பெரிய பெயர் எடுத்திருந்தது. அனைவரையும் உள்ளடக்கிய கல்விக்கு ஒரு முன்மாதிரி என்று கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். ஒரு கேடயமும் கிடைத்தது. மற்ற பள்ளிகளிலிருந்து வந்து நாட்குறிப்பின் கட்டங்களைப் போன்களில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மார்ச்சில் ஆய்வு வேறு இருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இன்னும் மணி நேரம் குறைவு.

"உனக்கு வேண்டாம்னாலும் அவங்களுக்கு வேணும்லா?" என்றேன். குரலைக் குழைத்துக்கொண்டுதான் கேட்டேன். "நீ உக்காந்தாத்தானே அவங்களுக்கு நேரம் எழுத முடியும்? நேரம் குறைஞ்சா சான்றிதழ் கிடைக்காதும்மா."

அவள் மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"அப்போ நான்தான் அவங்களுக்குச் சேவை செய்யுதேன். அப்படித்தானே டீச்சர்?"

கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று சொன்னால் அடுத்தது அவளுக்கு நேரம் எழுத வேண்டும், பெயரைச் சேர்க்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும். பதினான்கு வருடம் கட்டம் போட்ட எனக்கு, அதற்கு ஒரு கட்டம் போடத் தெரியவில்லை. அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா என்று மட்டும் சொன்னேன்.

அவள் உட்கார்ந்தாள். அந்த வருடம் மட்டுமில்லை, பிளஸ் டூ முழுவதும். மதியச் சாப்பாட்டை வேகமாக முடித்துவிட்டு, கையைக் கழுவி, அந்த பெஞ்சில் வந்து உட்காருவாள். ஏற்கெனவே பாட்டாக ஒப்பிக்கத் தெரிந்த பாடத்தை யாராவது ஒருத்தி தட்டுத் தடுமாறி வாசிப்பாள். இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். முடிந்ததும் நோட்டு வரும், விரலைப் பிடித்துக் கட்டத்தில் வைப்பார்கள், கையெழுத்துப் போடுவாள். சில நாள் வாசிக்காமலே கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்கும் போட்டுக் கொடுப்பாள். நான் வராந்தாவைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகப் பழகினேன். அவளுக்குத் தெரியப் போவதில்லை என்றாலும் அப்படித்தான் போனேன்.

சான்றிதழ் வழங்கும் விழாவில் ஐம்பது பெயர் வாசித்தேன். அவளை முன் வரிசையில் உட்கார வைத்து, தலைமை ஆசிரியை ஒரு பொன்னாடை போர்த்தினார். திட்டம் வெற்றி பெற ஒத்துழைத்த மாணவி என்று நான்தான் மைக்கில் சொன்னேன். பிள்ளைகள் நிஜமாகவே ஓங்கிக் கைதட்டினார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. நான் போட்ட கட்டத்தை நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

பிளஸ் டூவில் அவள் மார்க் எங்கள் பள்ளியின் முதல் ஐந்துக்குள் வந்தது. மதிப்பெண் சான்றிதழ் வாங்க உம்மாவோடு வந்தாள். எனக்கு அது பணியின் கடைசி மாதம். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தேன். வார்த்தை வரவில்லை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய் இது.

"மேல என்ன படிக்கப் போறே?"

"வரலாறுதான் டீச்சர். காலேஜ் பாத்துக்கிட்டு இருக்கோம்." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். திருநெல்வேலியில காலேஜுக எல்லாத்துலயும் என்.எஸ்.எஸ். இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளை இன்னும் அந்த ஆசையை விடவில்லை, கல்லூரியிலாவது சேர்ந்துகொள்ள நினைக்கிறாள், இப்போதாவது எனக்கு ஒரு வாய்ப்பு என்று நினைத்தேன். உடனே காகிதத்தைத் தேடினேன். எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது, அங்கே திட்ட அலுவலர்களாக இருக்கிற நிறையப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், என் திட்டத்தைப் பார்த்துத் தங்கள் கல்லூரியிலும் அப்படியே செய்கிறவர்களும் அதில் உண்டு, நான் கைப்பட ஒரு கடிதம் தருகிறேன், உன்னை முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தேன்.

"கடுதாசி வேண்டாம் டீச்சர்" என்றாள். "அது இல்லாத காலேஜா ஒண்ணு இருந்தா சொல்லுங்க."

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் பேனாவைத் திறந்தபடியே நின்றேன். எவ்வளவு யோசித்தும், அப்படி ஒரு கல்லூரியின் பெயரை என்னால் அவளுக்குச் சொல்ல முடியவில்லை.